தளவாய் என்று எழுதிய வாரம்

முதலில் பார்த்தபோது 'ஜெனரலிஸிமோ' என்பது ஒரு ஆளின் பெயர் என்றுதான் நினைத்தேன். ஸ்பெயின் தேசத்தில் உள்நாட்டுச் சண்டை மூண்டிருந்த சமயம். சென்னையிலிருந்து வரும் இங்கிலீஷ் பத்திரிகை ரயிலில் திருநெல்வேலி வந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஆரல்வாய்மொழி கடந்து நாகர்கோவிலுக்கு வந்து சேரும்போது அதிலுள்ள செய்தி பழசாகியிருக்கும். ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது புதுசுதான். அதிலிருந்து வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. என் அக்காவின் கணவர் நடத்திய வாரப் பத்திரிகைக்காக அதைச் செய்தேன். அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன்.

என் அப்பா நெய்யூர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வெள்ளைக்கார டாக்டர்களும் நர்ஸ்களும் பேசுவதைக் கேட்டு வளர்ந்ததாலும், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்ததாலும் எனக்கு இங்கிலீஷ் சுமாராக வரும். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வாத்திச்சி வேலைக்குக் காத்திருந்த காலத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். வீட்டுக்கும் அச்சுக்கூடத்துக்கும் நடுவே ஒரு முற்றம்தான். நான் எழுதுவது வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு பெண் எழுதுகிறாள் என்றால் பத்திரிகையை மதிக்கமாட்டார்கள் என்பது அத்தானின் எண்ணம். 'நமது நிருபர்' என்ற பெயரில்தான் எல்லாம் வரும். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரச் செய்தி இதுதான். ஸ்பெயினில் கலகம் செய்த ராணுவ ஜெனரல்கள் எல்லாரும் கூடி, தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். படைகளை மட்டுமல்ல, ராஜ்ய பரிபாலனத்தையும் அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு 'ஜெனரலிஸிமோ' என்று பட்டம். பள்ளிக்கூடத்துப் பழைய அகராதியில் தேடினேன். ஒரு வரிதான் இருந்தது. எல்லாச் சேனைகளுக்கும் மேலான சேனாபதி என்று பொருள் போட்டிருந்தது. இத்தாலிய பாஷையில் ஒரு சொல்லோடு 'இஸிமோ' சேர்த்தால் அதற்கு மிஞ்சியது இல்லை என்று அர்த்தமாம். நெய்யூருக்குப் போனபோது அப்பா மூலம் ஒரு நர்ஸ் அம்மாவிடம் கேட்டு அதைத் தெரிந்துகொண்டேன். ஜெனரல் பலபேர் இருக்கலாம், ஜெனரலிஸிமோ ஒருவர்தான். அவருக்கு மேலே உத்தரவு போட ஆள் கிடையாது.

இதற்குத் தமிழில் என்ன எழுதுவது? ஜெபத்தில் நாங்கள் 'சேனைகளின் கர்த்தர்' என்று கடவுளைச் சொல்லுவோம். எல்லாப் படைக்கும் மேலானவர் என்று நினைத்தாலே எனக்கு அதுதான் முதலில் நாக்கில் வந்தது. ஸ்பெயினில் ஊர்மேல் குண்டு போட்டுக்கொண்டிருக்கும் மனுஷனுக்கு அதையா கொடுப்பது?

அச்சுக்கூடத்துக்குத் தினமும் சாயங்காலம் ஒரு தமிழ்ப் பண்டிதர் வருவார். உயர்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பூதப்பாண்டிப் பக்கத்து வேளாளர். நெற்றி நிறைய விபூதியோடு அத்தானின் மேஜையில் உட்கார்ந்து பிழை திருத்துவார். ளகரத்துக்கு லகரம் விழுந்திருந்தால் அன்றைக்கு அச்சுக் கோர்ப்பவர் தொலைந்தார். அவரிடம்தான் கேட்டேன்.

"சேனாதிபதின்னு போடு மக்கா. அதுல என்ன குழப்பம்?" என்றார்.

"அது சாதா ஜெனரலுக்கு நாம போடுதுதானே. இவரு அவங்களுக்கெல்லாம் மேல."

"அப்ப சர்வ சேனாதிபதி."

"இவரு படையும் பாக்காரு, ராஜ்யமும் பாக்காரு. ரெண்டும் சேந்து ஒரு வார்த்தை வேணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அப்போதுதான் தளவாய் என்ற சொல் வந்தது. நாங்கள் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் குடிகள். எங்கள் நாட்டில் அது புத்தகச் சொல் இல்லை. வீட்டுப் பெயர்களிலும் கதைகளிலும் கிடந்த சொல். தளம் என்றால் படை. படைக்குத் தலைவர் தளவாய். திருவிதாங்கூர் ராஜாக்களுக்குக் கீழே முன்காலத்தில் தளவாய்கள் இருந்தார்கள். படையையும் நடத்தினார்கள், நாட்டையும் நடத்தினார்கள். பிறகு அந்தப் பதவிக்குத் திவான் என்று பெயர் மாறியது. படையும் ராஜ்யமும் ஒரே ஆள் கையில் என்பதற்கு இதைவிடப் பொருத்தமாக வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

பண்டிதருக்குப் பிடிக்கவில்லை. "தளவாய்க்கு மேல ராஜா உண்டு. நீ சொல்லுத ஆளுக்கு மேல யாருமில்ல. பொருந்தாது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை. அத்தான் எங்கள் பேச்சைக் கேட்டபடி பக்கத்தில் நின்றிருந்தார். "அவளுக்க இஷ்டம்போல இருக்கட்டு பண்டிதரே" என்று முடித்துவைத்தார். 'ஸ்பெயின்: தளவாய் கையில் ராஜ்யம்' என்று தலைப்பெழுதிக் கொடுத்தேன்.

பத்திரிகை வந்த அன்று வழக்கத்துக்கு மாறாக எல்லாம் விற்றுப்போனது. களியக்காவிளைக்குக் கொண்டுபோன ஏஜெண்டு இன்னும் வேண்டுமென்று ஆள் அனுப்பினான். கோட்டாறு சந்தையில் ஒருவர் உரக்க வாசிக்க, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள் என்று அச்சுக் கோர்ப்பவர் வந்து சொன்னார். ஸ்பெயின் சண்டையைக் கேட்டு யாராவது சிரிப்பார்களா? அத்தான் மீசையைத் தடவிக்கொண்டார். அக்காதான் கேட்டாள்: "எதுக்கு சிரிச்சினுமாம்?"

அடுத்த நாள் எதிரே இருந்த சாயாக்கடையில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தான். மழை இல்லாதபோதும் குடையை விரித்து மடியில் வைத்திருந்தான். சாயா ஆறிப்போய்க் கிடந்தது, அவன் குடிக்கவில்லை. அச்சுக்கூடத்துக்குள் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாளும் வந்தான். அதற்குப்பிறகு எனக்கு எல்லார்மேலும் கண் விழுந்தது. வீட்டுக்குப் பால் கொண்டுவரும் பெண் ஏன் முற்றத்தில் இத்தனை நேரம் நிற்கிறாள் என்று பார்த்தேன். அச்சுக் கோர்ப்பவர் ஏன் இன்று சீக்கிரம் கிளம்பினார் என்று பார்த்தேன். பண்டிதர் வரவில்லை. அதையும் கவனித்தேன்.

பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். அச்சுக்கூடத்துக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தார். வடக்கே மலையாளப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொப்பியை முட்டிமேல் வைத்துக்கொண்டார். அத்தான் அப்போது வீட்டில் இல்லை. அச்சுக்குப் பேப்பர் வாங்கப் போயிருக்கிறார் என்று அக்கா சொன்னாள்.

"அவரெ பின்னே பாக்கலாம். எழுதியது குட்டியாணல்லோ. குட்டி வரட்டே" என்றார்.

குட்டி என்று அவர் சொன்னது என்னைத்தான். நான் எழுதுவது வெளியே யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். கதவுப்பக்கம் வந்து நின்றேன். அக்கா என் பின்னால் நின்றாள்.

"தளவாய் ஆரு?"

"ஸ்பெயின்ல உள்ள ஒரு ஜெனரல் சார்."

"ஸ்பெயினில் தளவாய் உண்டோ?"

"அங்க அவருக்கு ஜெனரலிஸிமோன்னு பேரு. எல்லா ஜெனரலுக்கும் மேலன்னு அர்த்தம். அதைத் தமிழ்ல எழுதினேன்."

"சேனாதிபதின்னு எழுதினா போராதோ? அது போதும்ன்னு ஒராள் பறஞ்ஞல்லோ. எந்தினா இத்தர பிடிவாதம் பிடிச்சு தளவாய்ன்னு எழுதினது?"

அந்தப் பேச்சு நடந்தபோது அறையில் நான், அத்தான், பண்டிதர் மூன்றுபேர்தான் இருந்தோம். இவருக்கு எப்படித் தெரியும்? அவர் பத்திரிகையை விரித்து என்னிடம் நீட்டினார்.

"நம்முடெ நாட்டில் தளவாய்ன்னா திவான். கொச்சுப் பிள்ளைக்கும் தெரியும். சமஸ்தானத்துக்குப் புதிய திவான் வந்நிட்டு நாள் அதிகம் ஆயிட்டில்ல. இப்போ நிங்ஙள் தளவாய் கையில் ராஜ்யம்ன்னு வலிய எழுத்தில் போடுந்நு. இதில் ஸ்பெயின் எவிடெ?"

அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். பெரிய எழுத்தில் 'தளவாய் கையில் ராஜ்யம்' என்று மட்டும் இருந்தது. நான் எழுதிய 'ஸ்பெயின்' காணவில்லை. கீழே பொடி எழுத்தில் ஓடிய செய்தியில்தான் முதல்முறையாக அந்தப் பெயர் வந்தது. பத்திரிகை வந்த அன்று நானும் இதைப் பார்த்திருந்தேன். தலைப்பைச் சுருக்குவது வழக்கம் என்று விட்டுவிட்டேன்.

"உள்ள வாசிச்சா ஸ்பெயின்னு இருக்கும் சார்" என்றேன்.

"உள்ளே ஆரு வாசிக்கும்?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அது அதிகப் பயமாக இருந்தது. கிளம்பும்போது, அடுத்த வாரம் இதற்கு ஒரு விளக்கம் அச்சாக வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் பற்றி மேலே எழுதவேண்டி வரும் என்று சொல்லிப்போனார்.

அத்தான் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். சேனாதிபதி பேச்சு இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்திருக்கிறது என்றதும் அவர் முகம் மாறியது.

"பின்ன சந்தேகம் என்ன? பண்டிதருக்க வேலைதான். அவரு சொன்ன வார்த்தைய நாம எடுக்கல. அந்தக் கோவம்."

"ஒரு வார்த்தைக்கா போலீஸ்ல சொல்லுவாரு?" என்றாள் அக்கா.

"நாலு நாளா ஆளக் காணலியே. குத்தமில்லாதவன் எதுக்கு ஒளிச்சிருக்கான்?"

எனக்கும் அது பொருந்துவதுபோல் தோன்றியது. தலைப்பில் ஸ்பெயினை வெட்டியதும் அவராகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். வார்த்தையை வெட்டுவதில் அவருக்கு இருந்த ஆசை எங்களுக்குத் தெரிந்ததுதான். வெட்டியும் வைத்துவிட்டு, போய்ச் சொல்லியும் கொடுத்தாரா? திண்ணமாக நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் அதே நினைப்பு. அக்காதான் ஒருநாள், "ஏட்டி, இப்படி மனசுக்குள்ள வச்சு அரைக்கதுக்கு நேரே போய்க் கேட்டுட்டு வருவோம், கிளம்பு" என்றாள். அத்தானிடம் சொல்லவில்லை. நெய்யூருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எதிர்த்திசை பஸ்ஸில் ஏறினோம்.

பண்டிதர் வீட்டு முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாரே தவிர, வா என்று சொல்லவில்லை. அவர் மனைவி பாய் விரித்தார்.

"எதுக்கு வந்திய?" என்றார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "இன்ஸ்பெக்டருக்கு நாம பேசினது தெரிஞ்சிருக்கு. அத்தான் நீங்கதான் சொன்னியன்னு நினைக்காரு."

"நான்தான் சொன்னேன்" என்றார் பண்டிதர்.

அக்கா என் கையைப் பிடித்தாள். அவர் பேசிக்கொண்டே போனார்.

"பேப்பர் வந்த மறுநாளே என்னையக் கூப்பிட்டு ஸ்டேஷன்ல உக்கார வச்சாங்க. பிழை திருத்துதது நான்னு எல்லாருக்கும் தெரியுமே. இது திவானக் குறிச்சு எழுதினதான்னு கேட்டான். இல்லய்யா, அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் தமிழ்ல ஒரு வழக்கு. நான் சேனாதிபதின்னேன், அவ தளவாய்ன்னா. வேற ஒண்ணும் கெடையாதுன்னு சொன்னேன். உள்ளத உள்ளபடி சொன்னா விட்டுருவான்னு நெனச்சேன். ஆனா ஒண்ணு நான் சொல்லல."

"என்னது?"

"நான் திருத்தினப்ப தலைப்புல ஸ்பெயின் இருந்துது. நான் சரி பாத்துக் கொடுத்துட்டுப் போன பெறகுதான் அது போயிருக்கு. அதை அவன்கிட்ட சொல்லியிருந்தா, எடுத்தது யாருன்னு தேட ஆரம்பிச்சிருப்பான். சொல்லல. ஆனா எனக்கு நீயும் ஒனக்க அத்தானும் சேந்து பண்ணினதாத்தான் தோணிச்சு. என் தலைய அடமானம் வச்சு வெளையாடுதிய, பெறகு எதுக்கு நான் வரணும்?"

நான் எடுக்கவில்லை என்று சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. நாங்கள் அவரைச் சந்தேகப்பட்டதைப் போலவே அவரும் எங்களைச் சந்தேகப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார். திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சொல்லாமல் அச்சுக் கோர்ப்பவர் எதையும் எடுக்கமாட்டார்; தலைப்பை எடுக்கக்கூடிய ஆள் இன்னும் ஒருவர்தான் பாக்கி என்பது அவளுக்கும் தெரியும். அவர் அவள் புருஷன்.

வீட்டுக்கு வந்ததும் அச்சுக்கூடத்துக்குப் போனேன். அத்தான் மையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஸ்பெயின நீங்கதானே எடுத்திய?"

"எழுத்து கொள்ளல மக்கா. பத்திக்குள்ள நிக்கல."

"சின்ன எழுத்து போட்டிருக்கலாமே."

அவர் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார். நானும் நகரவில்லை. கடைசியில் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒனக்க செய்திய வாசிச்சப்ப எனக்கு சிரிப்பு வந்துது. ஸ்பெயின எடுத்துட்டா எப்படி இருக்கும்னு ஒரு தடவ எடுத்துப் பாத்தேன். நல்லா இருந்துது. திரும்ப வைக்க மனசு வரல. நான் பொய் ஒண்ணும் போடலியே. எல்லாம் ஒனக்க வார்த்தைதான்."

"எனக்க வார்த்தைன்னுதான் இன்ஸ்பெக்டர் எனக்க முகத்தப் பாத்துக் கேட்டாரு. அப்ப நீங்க எங்க போயிருந்திய? நெஜமாவே பேப்பர் வாங்கத்தான் போனியளா?"

அவர் எழுந்து மறுபடி மையைத் துடைக்கத் தொடங்கினார். வேண்டுமென்றே அன்று வெளியே போனாரா, போலீஸ் வரும் என்று தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்காவிடம் பிற்காலத்தில் கேட்டதற்கு, "சவத்த விடு" என்று மட்டும் சொன்னாள்.

"பண்டிதருகிட்ட நீங்க போகணும்" என்றேன். "நீங்கதான் எடுத்தியன்னு உங்க வாயால சொல்லணும். இல்லன்னா இனி நான் ஒரு வரி எழுதமாட்டேன்."

அக்கா வாசலில் வந்து நின்றிருந்தாள். "அவ சொல்லுதபடி செய்யுங்க" என்றாள். அக்கா அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு அன்றே கிளம்பினார். அங்கே என்ன பேசினார்களோ, திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. பண்டிதர் மறுநாள் வந்தார். அத்தானிடம் பேசவில்லை. என்னிடம் மட்டும் விளக்கத்தை எழுதித் தரச் சொன்னார்.

அந்த விளக்கம் எழுதியதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. 'சென்ற வாரம் நமது பத்திரிகையில் வெளியான தளவாய் என்ற சொல் ஸ்பெயின் தேசத்துப் பிரதம சேனாதிபதியை மட்டுமே குறிக்கும். வேறு எவரையும் குறிக்காது' என்று எழுதினேன். பண்டிதர் பிழை திருத்தினார். இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பி வாங்கிப் பார்த்து, சரி என்று திருப்பி அனுப்பினார். பெரிய எழுத்தில் முதல் பக்கத்தில் போட்டோம்.

அதைப் படித்த பிறகுதான், முதல் வாரம் ஒன்றும் புரியாமல் போனவர்களுக்கும் புரிந்தது. வேறு எவரையும் என்றால் யாரை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். குலசேகரத்து ரப்பர்க் கடைக்காரர்கள்கூடப் பழைய பத்திரிகையைத் தேடி ஆள் அனுப்பினார்கள். இனி இங்கே யாராவது தளவாய் என்று சொன்னால் அது ஸ்பெயின்காரரைக் குறிக்காது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒரு பட்டத்தின் அர்த்தத்தைத் தேடிப்போனேன். இன்ஸ்பெக்டர் விளக்கம் கேட்டு வேறொரு அர்த்தத்தை ஊர் முழுக்கப் பரப்பிவைத்தார். அவருக்கு அது எப்போது உறைத்தது என்று தெரியாது. அடுத்த நாள் குடைக்காரன் எதிர்க் கடையில் மறுபடி வந்து உட்கார்ந்தான். பிறகு காணாமல் போனான்.

நான் எழுதுவதை நிறுத்தவில்லை. ஆனால் அத்தானிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டேன். நான் எழுதியதன் தலைப்பை, நான் பார்த்த பிறகு யாரும் தொடக்கூடாது. அவரும் சரி என்றார். அவர் சொன்ன சரியை நான் நம்பவில்லை. அதனால் ஒவ்வொரு வாரமும் பத்திரிகை மெஷினில் ஏறும் சமயத்தில் முற்றத்தைக் கடந்துபோய், அச்சுக்கூடத்தில் நிற்பேன். பண்டிதரும் கிளம்பாமல் உட்கார்ந்திருப்பார். அவர் காவலிருந்தது அத்தானையா என்னையா என்று நான் கேட்டதில்லை. முதல் தாள் வெளியே வந்ததும் இருவரும் ஈரம் காயாத எழுத்தைத் தனித்தனியாக வாசித்துப் பார்ப்போம். அதன்பிறகுதான் அவர் செருப்பை மாட்டுவார், நான் விளக்கேற்ற வீட்டுக்குத் திரும்புவேன்.

நெய்யூருக்குப் பக்கத்தில் எனக்கு வாத்திச்சி வேலை கிடைத்துப் போகும்வரைக்கும் அப்படித்தான் நடந்தது. நான் போனபிறகு வெளிநாட்டுச் செய்தியை அத்தானே எழுதத் தொடங்கினார். அவர் ஜெனரலிஸிமோவை ஜெனரலிஸிமோ என்றே தமிழ் எழுத்தில் போட்டார்.